ஐரிஷ் மொழிக்கு எந்தச் செயலி? பெங்களூருத் தமிழர்களுக்கு ஒரு மதிப்பீடு

மான்யதாவிலோ வைட்ஃபீல்டிலோ வேலை பார்க்கும் குடும்பத்துக்கு டப்ளின் மாற்றல் வந்தால் முதல் கவலை விசா, அடுத்தது வாடகை வீடு, மூன்றாவது பிள்ளையின் பள்ளி. அந்த மூன்றாவதில்தான் ஐரிஷ் மொழி வந்து நிற்கும். அலுவலக வேலைக்கு அது வேண்டாம். குடியுரிமைக்கும் மொழித்தேர்வு இல்லை. ஆனால் அங்கே அரசு நிதி பெறும் பள்ளிகளில் ஐரிஷ் ஒரு பாடம். வெளிநாட்டில் படித்துவிட்டு 12 வயது நிறைந்தபின் வந்து சேரும் பிள்ளைக்கு விலக்கு கேட்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'வெளிநாட்டிலிருந்து வந்தோம்' என்ற காரணம் செல்லாது, படித்தே ஆக வேண்டும்.

கிளம்புவதற்கு முன் கையில் இருக்கும் நான்கைந்து மாதத்தில் எந்தக் கருவியை எதற்கு எடுப்பது என்பதே இங்கே கேள்வி. பெரும்பாலானவை இலவசம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு: அத்தனையும் ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லிக் கொடுக்கின்றன. தமிழ் பேசுபவருக்கு அது வீண் சுற்று. கன்டோன்மென்டிலிருந்து சிவாஜிநகர் போக ஹெப்பால் வழியாகப் போவது மாதிரி.

ஏன் என்று பாருங்கள். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதற்கு ஐரிஷில் 'தா லியவர் அகம்'. சொல்லுக்குச் சொல் 'இருக்கிறது, புத்தகம், என்னிடம்'. ஆங்கிலத்தின் 'ஹேவ்' போல ஒரு வினை அந்த மொழியிலும் இல்லை, நம்மிடமும் இல்லை. பசி வந்தால் 'தா ஓக்ரஸ் ஒரம்', அதாவது 'என்மேல் பசி இருக்கிறது'. 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது இயல்பு. 'ஐ ஆம் ஹங்ரி' என்ற பாதையில் வந்தால்தான் விசித்திரம். ஆமாம், இல்லை என்பதற்குப் பொதுச்சொல் கிடையாது. 'அன் வில்?' என்று கேட்டால் 'தா' அல்லது 'நீல்'. 'இருக்கா?' என்றால் 'இருக்கு', 'இல்லை' என்கிறோமே, அதுதான். ஆட்களை எண்ண அவர்களிடம் தனி எண்ணுப்பெயர்கள் உண்டு: பெர்த், த்ரியூர், கியஹ்ரர், கூகர். நம் இருவர், மூவர், நால்வர், ஐவர். ஆங்கிலத்தில் இதற்கு இணை இல்லாததால் செயலிகள் 'டூ பீப்பிள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். பயனர் அதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்வார்.

'அவர் ஆசிரியர்' என்னும்போது நாம் 'இருக்கிறார்' போடுவதில்லை. 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்னும்போது போடுகிறோம். ஐரிஷும் இந்த இரண்டையும் பிரிக்கிறது. முதலாவதற்கு 'இஸ்', இரண்டாவதற்கு 'தா'. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதால், ஆங்கிலம் பேசுபவருக்கு இந்தப் பாடம் மாதக்கணக்கில் இழுக்கும். தமிழருக்கு இரண்டு நாள் வேலை. வினை மட்டும் தலைகீழ்: நமக்கு வாக்கியத்தின் கடைசியில், அவர்களுக்கு முதலில்.

ஆகவே இந்த மதிப்பீட்டில் அளவுகோல் ஒன்றே. எந்தக் கருவி ஆங்கிலத்தைத் தாண்டி மொழியை நேராகக் காட்டுகிறது, எது ஆங்கிலத்துக்குள்ளேயே வைத்துச் சுற்றுகிறது? (இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கும் ஐரிஷ் சொற்கள் குத்துமதிப்பான ஒலி மட்டுமே. இதை நம்பி வாய்விட்டுப் பழகாதீர்கள். அடுத்த பகுதியே அதற்குத்தான்.)

முதலில் காது: தியாங்லன், அபர்

தளத்தின் பெயர் தியாங்லன். முகவரிக்கு டி-இ-ஏ-என்-ஜி-எல்-ஏ-என்-என், புள்ளி, ஐ-இ என்று தட்டுங்கள். ஐரிஷ் மொழி வளர்ச்சிக்கான அமைப்பான ஃபோரஸ் ந கேல்கெ நடத்துவது. இலவசம், விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்க வேண்டாம். உள்ளே மூன்று பகுதிகள்: அகராதி, இலக்கணம், உச்சரிப்பு. முதல் மாதம் உச்சரிப்புப் பகுதியைத் தவிர வேறெதுவும் திறக்க வேண்டாம்.

அங்கே ஒரு சொல்லைத் தேடினால் வடக்கின் அல்ஸ்டர், மேற்கின் கானக்ட், தெற்கின் மன்ஸ்டர் என்று மூன்று வட்டார உச்சரிப்புகள் தனித்தனிப் பொத்தான்களாக வரும். பேசுவது மனிதர்கள். மூன்றையும் மாறி மாறிக் கேட்பதுதான் தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் தவறு. மதுரைப் பேச்சும் நாஞ்சில் பேச்சும் கொங்குப் பேச்சும் ஒரே வாரத்தில் கற்க முயல்வது போல ஆகிவிடும். 'எப்படி இருக்கிறாய்?' என்பதே மன்ஸ்டரில் 'குனஸ்' என்று தொடங்கும், கானக்டில் 'கே ஃகீ' என்று, அல்ஸ்டரில் 'கஜே மர்' என்று. ஒரு வட்டாரத்தை எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். டப்ளின் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எது என்று மண்டையை உடைக்க வேண்டாம். பாடப்புத்தகம் பொதுத்தர வடிவத்தில்தான் இருக்கும், ஒலிப்பதிவு அதிகம் கிடைக்கும் கானக்ட் போதும்.

எதைக் கேட்பது? ஐரிஷில் மெய்யெழுத்து ஒவ்வொன்றும் இரண்டு விதம்: அகலம், மெலிவு. பக்கத்தில் ஏ, ஓ, யு என்ற எழுத்துகள் நின்றால் அகலம். இ, ஐ நின்றால் மெலிவு. 'போ' என்றால் பசு, 'பியோ' என்றால் உயிருள்ளது. இரண்டாவதன் எழுத்துக்கூட்டலில் இருக்கும் இ, தனி உயிராக உச்சரிக்க அல்ல, முன்னால் நிற்கும் பியை மெலிக்க. இந்த ஒரு விஷயம் புரிந்தால், 'ஐரிஷ் எழுத்துக்கூட்டல் பைத்தியக்காரத்தனம்' என்ற புலம்பலில் பாதி அடங்கிவிடும். ஒரு நாளைக்கு இப்படி ஐந்து ஜோடிச் சொற்கள், ஒவ்வொன்றையும் பத்து முறை கேட்டு, பிறகு ஃபோனில் உங்கள் குரலைப் பதிந்து ஒப்பிடுங்கள்.

தமிழ்க் காதுக்குச் சில இடங்களில் முன்கூட்டியே சலுகை உண்டு. அகலமான டி, டி-க்கு இணையான ஒலிப்புள்ள ஒலி, என் மூன்றும் பல்லில் நாக்குப் படும் ஒலிகள்: நம் த, 'பந்து'வில் வரும் த, நம் ந. ஆங்கிலப் பழக்கத்தில் 'டா' என்று படிக்கும் தமிழர், வாயில் இருக்கும் சரியான ஒலியை விட்டுவிட்டுத் தவறானதை எடுக்கிறார். 'கோர்ம்' என்று எழுதிவிட்டுக் 'கொரம்' என்று படிப்பார்கள்; நீல நிறம் என்று பொருள். நடுவில் இல்லாத உயிர் எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலப் பயனர் கேட்பார். தர்மத்தைத் தருமம் என்றும் கர்மத்தைக் கருமம் என்றும் சொல்லும் நமக்கு அந்தக் கேள்வியே எழக்கூடாது.

இனி சொல்லின் முதலெழுத்து மாறும் விவகாரம். ஐரிஷ் கற்பவர் பாதியில் விட்டுப் போகும் இடம் இது. பூனை 'கத்'. 'என் பூனை' என்றால் 'மொ ஃகத்'. 'அவர்களுடைய பூனை' என்றால் அதே 'கத்', முதல் ஒலி மட்டும் காந்தியின் 'கா' போல அதிரும். பலரும் இதை அட்டவணையாக நெட்டுருப் போடச் சொல்வார்கள். தமிழில் மூன்று சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: பக்கம், பங்கு, பகல். ஒரே க, மூன்று ஒலி. இரட்டித்தால் வன்மை, மெல்லினத்தை அடுத்து அதிர்வு, இரண்டு உயிருக்கு நடுவே தளர்ச்சி. ஐரிஷில் நடந்ததும் இதுதான். ஒரு காலத்தில் முன்சொல்லின் இறுதியில் உயிர் இருந்த இடத்தில் தளர்ந்தது, மெல்லினம் இருந்த இடத்தில் அதிர்ந்தது. பிறகு அந்த ஈற்றெழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன, மாற்றம் மட்டும் அடுத்த சொல்லின் தலையில் நின்றுவிட்டது. தளர்ச்சிக்கு 'ஷேவியூ' என்று பெயர், எழுத்தில் ஒரு எச் கூடும். அதிர்வுக்கு 'உரூ', எழுத்தில் முன்னால் ஒரு எழுத்து கூடும். 'மொ ஃகத்'தின் ஃக கிட்டத்தட்ட 'அஃது' என்பதில் வரும் ஆய்தம். பள்ளிக்கூடத்தில் ஆய்த எழுத்து எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ ஒரு வேலை.

காது உண்மையிலேயே திணறும் இடம் மெலிந்த ஆர். நம் ரகரமும் இல்லை, றகரமும் இல்லை. தியாங்லனில் கேட்டு, கேட்டு, பிறகும் கேட்பது தவிர வழியில்லை.

தியாங்லனின் குறை: தனிச்சொற்கள்தான் உண்டு, வாக்கியம் இல்லை. மாறிய வடிவங்களுக்குப் பெரும்பாலும் பதிவு இருக்காது. அந்தக் குறையை அடைப்பது அபர் என்ற தளம். ஏ-பி-ஏ-ஐ-ஆர், புள்ளி, ஐ-இ. பெயருக்கு 'சொல்லு' என்று பொருள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய பேச்சுப்பொறி. வாக்கியத்தை ஒட்டுங்கள், வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், ஓட்டுங்கள். இயந்திரக் குரல்தான், ஆனால் அந்தந்த வட்டாரத்துப் பேச்சைப் பதிந்து, ஐரிஷுக்கென்றே கட்டியது. ஆகவே அகலமும் மெலிவும் கலங்குவதில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: நீங்கள் எழுதியதைத்தான் அது வாசிக்கும். நெடில் குறியை விட்டுவிட்டு ஒட்டினால் தவறான சொல்லைத் தெளிவாக உச்சரித்துக் காட்டும்.

டுவோலிங்கோ: எதுவரை போதும்

எல்லோரும் முதலில் இறக்குவது இதைத்தான். 2014-ல் தன்னார்வலர்கள் கட்டிய பாடம். அதற்காக அவர்களை அயர்லாந்தின் அப்போதைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் 2016-ல் பாராட்டினார். அந்தக் காலத்துப் பாடத்தில் ஒவ்வொரு அலகின் அடியிலும் இலக்கணக் குறிப்பு இருந்தது, ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் விவாதம் இருந்தது. 'இங்கே ஏன் எச் வந்தது?' என்று எவராவது கேட்டிருப்பார், விவரம் தெரிந்தவர் பதில் சொல்லியிருப்பார். 2022-ல் விவாதப் பகுதி மூடப்பட்டது. 2023-ல் தாய்மொழிப் பேச்சாளரின் பதிவுகளை எடுத்துவிட்டு இயந்திரக் குரல்களைப் போட்டார்கள். அகல மெலிவு வேறுபாடு மழுங்கிவிட்டது என்று அயர்லாந்திலேயே பலத்த எதிர்ப்பு எழுந்தது.

இன்றைய நிலையில் அது ஒரு சொற்கள் பழகும் விளையாட்டு. அந்த அளவில் நல்லது. வைட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் வரை மெட்ரோவில் நின்றுகொண்டே இரண்டு பாடம் முடிக்கலாம். கப்பன் பார்க்கில் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது சிக்னல் போனால் பாடம் நடுவில் தொங்கும். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். (அந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்த மார்க் கப்பன் பிறந்த ஐல் ஆஃப் மேன் தீவின் மாங்ஸ் மொழி, ஐரிஷின் உடன்பிறப்பு. நம் மொழிக்குடும்பத்தை ஒப்பிட்டு எழுதிய கால்டுவெல் பிறந்ததோ அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில். தூரம் நினைப்பதைவிடக் குறைவு.)

எங்கே ஏமாற்றும்? ஒன்று, அது தேர்ந்தெடுத்துத் தட்டச் சொல்கிறது. முதலெழுத்து ஏற்கெனவே மாறிய வடிவத்தில் சொல் திரையில் கிடக்கும். நீங்கள் தொட்டால் போதும். ஏன் மாறியது என்று மூளை கேட்காது. நூறு நாள் தொடர் வைத்திருப்பவர் 'என் அம்மா' என்று வெறும் தாளில் எழுதும்போது எச் விட்டுப்போவதன் காரணம் இதுதான். மாற்று: அமைப்பில் விசைப்பலகையில் எழுதும் முறைக்கு மாறுங்கள். வேகம் பாதியாகும், பயன் இரட்டிக்கும். இரண்டு, பாடம் குட்டையானது. ஸ்பானிஷுக்கு இருப்பது போல நீளமோ கதைகளோ கிடையாது. மூன்று, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கச் சொல்லும் பயிற்சி அதிகம். நாம் முன்னே சொன்ன சுற்றுவழி முழுவதும் இங்கேதான். திரையில் ஐரிஷ் வாக்கியம் வந்ததும் மனதில் முதலில் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தைத் தட்டுங்கள். 'லியவர் அகம்' என்றதும் 'புத்தகம் என்னிடம்' என்று வர வேண்டும், 'ஐ ஹேவ்' என்றல்ல.

ஒலிக்கு இதை நம்பாதீர்கள். புதிய சொல் வந்தால் ஒலியை அணைத்துவிட்டுத் தியாங்லனில் கேட்பதே மேல்.

இறக்கும்போது ஓர் எச்சரிக்கை. செயலிக் கடையில் 'கேலிக்' என்று தேடினால் ஸ்காட்லாந்தின் கேலிக் வந்து நிற்கும். அது வேறு மொழி. 'ஐரிஷ்' என்றே தேடுங்கள். உயிரெழுத்தின் மேலே உள்ள கோடு வலப்பக்கம் உயர்ந்து போனால் ஐரிஷ், இடப்பக்கம் உயர்ந்தால் ஸ்காட்லாந்து. பத்து பாடம் முடித்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே பார்ப்பது நல்லது.

விசைப்பலகை: காக்காவும் கக்காவும்

அந்தக் கோட்டுக்கு 'ஃபாதா' என்று பெயர், 'நீண்டது' என்று பொருள். குறிலை நெடிலாக்கும். ஆங்கிலேயருக்கு அலங்காரமாகத் தெரியும். பல்லையும் பாலையும் வேறாகப் பார்க்கும் நமக்கு அப்படித் தெரியக்கூடாது. 'ஷன்' என்றால் பழைய, 'ஷான்' என்றால் ஓர் ஆணின் பெயர். ஐரிஷில் 'காக்கா' என்றால் கேக். கோட்டை விட்டுவிட்டுக் குறிலாகக் 'கக்கா' என்று எழுதினால், தமிழ்க் குழந்தைகள் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துமோ அதேதான் அங்கும். பிறந்தநாள் வாழ்த்து அனுப்புபவர்கள் கவனிக்க.

ஆண்ட்ராய்ட் ஃபோனில் ஜிபோர்டு அமைப்பில் ஐரிஷ் மொழியைச் சேர்த்தால் கோட்டோடு கூடிய சொற்களையே பரிந்துரைக்கும். இல்லையேல் உயிரெழுத்தை அழுத்திப் பிடித்து, வலப்பக்கம் சாய்ந்த கோட்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் மடிக்கணினியில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே விற்கும் பல கணினிகளில் 'இங்கிலீஷ் இந்தியா' அமைப்பு இருக்கும். அதில் ஆல்ட்ஜிஆர் விசையோடு ஏ அழுத்தினால் மேலே படுக்கைக் கோடு போட்ட எழுத்து வரும். அது இந்திய மொழிகளை ஆங்கில எழுத்தில் பெயர்ப்பதற்கானது. பார்வைக்கு ஃபாதா போலவே இருக்கும், அகராதிக்கு வேறு எழுத்து, தேடல் தவறும். செட்டிங்ஸில் மொழி பகுதிக்குப் போய் 'ஐரிஷ்' சேர்த்து, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளுங்கள். பிறகு ஆல்ட்ஜிஆரும் உயிரெழுத்தும் போதும். ஆல்ட்ஜிஆர் இல்லாத கணினியில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து. ஒரு பக்கவிளைவு: ஐரிஷ் அமைப்பில் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். கடவுச்சொல் திடீரென்று ஏற்கப்படாவிட்டால் வங்கியைத் திட்டாமல் முதலில் இதைப் பாருங்கள். மேக்கில் ஆப்ஷனும் இ-யும், பிறகு உயிரெழுத்து.

அகராதியை எப்படிப் பிரிப்பது

தொடக்கக்காரர் அகராதியில் தோற்பது ஒரே காரணத்தால்: சொல்லின் தலை மாறியிருக்கும். புத்தகத்தில் கண்டதை அப்படியே தேடுவார், கிடைக்காது. அடிப்படை வடிவத்துக்கு வரும் வழி எளிது. இரண்டாம் எழுத்து எச் என்றால் அதை எடுங்கள். தொடக்கத்தில் எம்-பி, ஜி-சி, என்-டி, பி-பி, டி-டி, என்-ஜி போல இரண்டு மெய் சேர்ந்து நின்றால் முதலாவதை வெட்டுங்கள். பி-எச்-எஃப் என்று மூன்று நின்றால் எஃப் மட்டும் மிஞ்சட்டும். டி-எஸ் என்றால் எஸ். இந்த நாலு வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டுங்கள்; பத்தில் ஒன்பது தேடல் சரியாகிவிடும்.

ஆங்கிலத்திலிருந்து ஐரிஷுக்கு ஃபோக்லோர் தளம், எஃப்-ஓ-சி-எல்-ஓ-ஐ-ஆர். 2013-ல் இணையத்துக்கு வந்த புதிய அகராதி, இன்றைய பேச்சுக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகள் நிறைய. தியாங்லனில் உள்ள பெரிய அகராதிகள் 1959-லும் 1977-லும் அச்சில் வந்தவை. ஆழம் அதிகம், ஆனால் மொபைல் ரீசார்ஜுக்கு அங்கே சொல் தேடாதீர்கள். கலைச்சொல்லுக்குத் தேர்மா என்ற தளம், டி-இ-ஏ-ஆர்-எம்-ஏ. டப்ளின் சிட்டி பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. நல்ல பழக்கம்: ஃபோக்லோரில் கண்டெடுத்த சொல்லைத் தியாங்லனில் திருப்பித் தேடுங்கள். ஆங்கிலத்தின் ஒரு 'நோ' வினைக்குள், 'தெரியும்' என்பதும் 'அவரோடு பழக்கம் உண்டு' என்பதும் கலந்து கிடக்கும். ஐரிஷ் இரண்டையும் பிரிக்கிறது, அதுவும் நம்மைப் போலவே: 'தா அஹ்னெ அகம்' என்றால் 'பழக்கம் என்னிடம் இருக்கிறது'. திருப்பித் தேடாதவர் ஆளைப் பற்றிப் பேசும்போது தகவலுக்கான சொல்லைப் போட்டுவிடுவார்.

தியாங்லனின் இலக்கணப் பகுதி இரண்டாம் மாதத்துக்கு. பெயர்ச்சொல்லைக் கொடுத்தால் ஆண்பாலா பெண்பாலா, ஒருமை, பன்மை, வேற்றுமை வடிவம் எல்லாம் கட்டம் கட்டித் தரும். ஆங்கி என்ற நினைவட்டைச் செயலியில் சொற்களை ஏற்றும்போது மொட்டையாக 'பெண் = பியன்' என்று ஏற்றாதீர்கள். சுட்டோடு (ஆங்கிலத்தின் 'தி' போன்ற சொல்) ஏற்றுங்கள்: 'அன் வியன்', பன்மைக்கு 'ந ம்னா'. பெண்பால் என்பதை அந்த 'வி'யே காட்டிக்கொடுத்துவிடும், தனியாகப் பால் குறிக்க வேண்டாம். ரொட்டி 'அரான்', சுட்டோடு 'அன் தரான்'. அட்டையின் மறுபக்கம் தமிழில் இருக்கட்டும். கணினிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஆங்கி இலவசம், ஐஃபோனுக்குக் காசு. ஒரு நாளைக்குப் புதிதாக எட்டு அட்டைக்கு மேல் வேண்டாம். இருபது போட்டவர்கள் மூன்றாம் வாரத்தில் இருநூறு அட்டை பாக்கி வைத்துக்கொண்டு செயலியையே அழித்துவிடுகிறார்கள்.

எண்களுக்கு ஒரு குறிப்பு. இரண்டு முதல் ஆறு வரை அடுத்த சொல் தளரும், ஏழு முதல் பத்து வரை அதிரும், பெயர்ச்சொல் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும். 'மூணு மாடு', 'ஏழு பூனை' என்று ஒருமையில் சொல்கிற நமக்குக் கடைசி விதி உறுத்தாது.

கேட்கவும் பார்க்கவும்

ஐரிஷ் மொழி வானொலியான ரேடியோ ந கேல்தஃக்த 1972 முதல் ஒலிபரப்பாகிறது. இணையத்தில் இங்கிருந்தே கேட்கலாம். தொடக்கத்தில் ஒரு சொல்லும் பிடிபடாது. காலையில் சமையலறையில் பின்னணியில் ஓடவிடுங்கள், காது தாளத்துக்குப் பழகட்டும், அவ்வளவே. 1996-ல் தொடங்கிய டிஜி4 என்ற ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியின் இணைய ஓடுபொறியில் அவர்கள் சொந்தமாகத் தயாரித்தவை பெரும்பாலும் உலகெங்கும் திறக்கும். விளையாட்டும் வெளியிலிருந்து வாங்கிய படங்களும் இந்தியாவில் திறக்காமல் போகலாம். பிள்ளைகளுக்கு அதன் கூலா 4. ஏற்கெனவே தெரிந்த கார்ட்டூன் ஐரிஷில் பேசுவதைக் கேட்கும் எட்டு வயதுக்காரருக்கு அட்டவணை எதுவும் தேவைப்படாது. கவனிக்க: அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை மறைத்துவிடுங்கள். திரையின் அடிப்பகுதியில் ஒரு தாளை ஒட்டினாலும் சரி. எழுத்து தெரிந்தால் காது தூங்கிவிடும்.

பலருக்கும் தெரியாத பொக்கிஷம் மேனூத் பல்கலைக்கழகத்தின் விஃபாக்ஸ். டிஜி4 செய்தியிலிருந்து குட்டிக் காணொளிகளை எடுத்து, மூன்று நிலைகளில் பயிற்சித்தாளோடு கல்வியாண்டு முழுவதும் தருகிறார்கள். இலவசம். தாளை முதலில் படித்துச் சொற்களைப் பார்த்துவிட்டு, பிறகு மூன்று முறை காணொளி: முதலில் வெறும் ஒலி, அடுத்து கேள்வியோடு, கடைசியில் எழுத்துவடிவத்தோடு. நாலாவது மாதத்துக்கு முன் தொடாதீர்கள்.

வகுப்பு, கட்டணம்

ஒழுங்காக ஒரு பாடத்திட்டம் வேண்டும் என்பவருக்கு, டப்ளின் சிட்டி பல்கலைக்கழகம் ஃபியூச்சர்லேர்ன் தளத்தில் 2018 முதல் தரும் தொடக்கநிலைப் பாடங்கள் நல்லவை. அவரவர் வேகத்தில் படிக்கலாம். நேரடி இணைய வகுப்புக்கு 1893-ல் தொடங்கிய கான்ரத் ந கேல்கெ, டப்ளினின் கேல்ஃகுல்தூர் இரண்டும் கேட்டுப் பார்க்கத்தக்கவை. சேருமுன் கடிகாரத்தைப் பாருங்கள். அயர்லாந்து குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. அங்கே மாலை ஏழு மணி வகுப்பு என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை. சனிக்கிழமைக் காலை வகுப்பைத் தேடிப் பிடியுங்கள்; இங்கே அது பிற்பகல்.

பணம் செலுத்த, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறந்துவிடுங்கள். யூரோ மாற்றுக்கு வங்கி தனியாகக் கட்டணம் எடுக்கும். மாதச் சந்தாவில் சிக்கல் உண்டு: தானாகப் பணம் பிடிக்க ரிசர்வ் வங்கி விதிப்படி முன்பதிவு வேண்டும், வெளிநாட்டுத் தளங்கள் பல அதைச் செய்வதில்லை, இரண்டாம் மாதம் கட்டணம் நின்று கணக்கு முடங்கும். ஒரே தவணையாகக் கட்டுவதோ, ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டுவதோ தலைவலி குறைவு.

மொழிபெயர்ப்பியும் செயற்கை நுண்ணறிவும்

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழை நேராகக் கொடுத்து ஐரிஷ் வாங்க நினைக்கலாம். வரும் வாக்கியத்தில் ஆங்கிலத்தின் வாசனை அடிக்கும். நாம், நாங்கள் என்ற வேறுபாடு காணாமல் போகும். அது ஐரிஷிலும் இல்லை என்பது வேறு விஷயம். 'நீங்கள்' விஷயத்தில் மட்டும் கவனம். 'தூ' ஒருமை, 'ஷிவ்' பன்மை. ஆசிரியர் ஒருவரிடம் மரியாதைக்காக 'ஷிவ்' போட்டால் அவர் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். எவ்வளவு பெரியவரானாலும் ஒருவர் என்றால் 'தூ'தான். தமிழ் வாய்க்கு இது கூசும், பழக வேண்டும்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு ஒரே ஒரு பெரிய பயன்: விளக்கத்தைத் தமிழில் கேட்கலாம். 'இந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்த்தமிழ் கொடு, ஆங்கிலம் வேண்டாம், முதலெழுத்து மாறியிருந்தால் காரணம் சொல்' என்று கட்டளை கொடுங்கள். ஆங்கிலச் சுற்றுவழியைத் தவிர்க்க இப்போதைக்கு இருக்கும் ஒரே குறுக்குவழி. ஆனால் அவை ஐரிஷில் எழுதித் தருவதை நம்பி ஆசிரியருக்கு அனுப்பாதீர்கள். ஆறாம் வேற்றுமை வடிவம் பிசகும், எச் விட்டுப்போகும், ஆங்கில மரபுத்தொடர் அப்படியே ஐரிஷ் சட்டை போட்டு வரும். தவறையும் மிகத் தன்னம்பிக்கையோடு விளக்கும். தந்த ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் தியாங்லனின் இலக்கணப் பகுதியில் சரிபாருங்கள். இரண்டு சொல் தவறினால் முழுப் பத்தியையும் தள்ளிவிடுங்கள்.

நாலு மாதத்தில் எவ்வளவு தேறியது என்று பார்க்க, மேனூத் பல்கலைக்கழகம் நடத்தும் டிஇஜி என்ற ஐரிஷ் மொழித்திறன் தேர்வின் ஏ1 (தொடக்க) நிலை மாதிரித் தாள்கள் ஒலிப்பதிவோடு அதன் தளத்தில் கிடைக்கின்றன. தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம். தாளை அச்சிட்டு, கேட்டல் பகுதியை நிறுத்தாமல் இரண்டு முறை ஓட்டி எழுதிப் பாருங்கள். அதில் தடுமாறினால் திரும்பப் போக வேண்டியது டுவோலிங்கோவுக்கு அல்ல, தியாங்லனின் உச்சரிப்புப் பொத்தானுக்கு.